பனிக்கு அடியில் பத்து அளவுகள்

பத்துப் புள்ளிகளில் ஐந்து கோட்டுக்குக் கீழே இருந்தன, ஐந்து மேலே இருந்தன. அவற்றை வரிசையாக இணைத்தபோது வரைபடம் ரம்பத்தின் பல் போல ஆகிவிட்டது.

கோடு என்பது பூஜ்ஜியம் டிகிரி. புள்ளிகள் என்பவை அண்டார்டிகாவில் கடலின் மேல் உறைந்து கிடக்கும் பனித்தட்டைத் துளையிட்டு, அளவைத் தானும் பதிந்துகொள்ளும் ஒரு வெப்பமானியைக் கம்பியில் கட்டி உள்ளே இறக்கி, பனியின் அடிப்பக்கத்திலிருந்து மீட்டருக்கு மீட்டர் எடுத்த கடல்நீரின் வெப்பநிலை. முதல் மீட்டரில் மைனஸ் 1.8. இரண்டாவதில் பிளஸ் 1.8. மூன்றாவதில் மறுபடி மைனஸ், 1.9. நான்காவதில் மறுபடி பிளஸ். இப்படியே பத்து மீட்டர் வரைக்கும்.

கடல் அப்படிச் செய்யாது. இதை நான் உறுதியாகச் சொல்லக் காரணம் உண்டு. செவன் ஹில்ஸில் ஒரு குளிர்பதனக் கிடங்கின் இயந்திரங்களைப் பராமரிப்பதுதான் என் வேலை. உப்புநீரும் குளிரும் எப்படி நடந்துகொள்ளும் என்று தினமும் பார்ப்பவன். தண்ணீர் உறைவது என்றால் அதன் துகள்கள் ஒன்றோடொன்று கைகோத்து வரிசையில் நிற்பது. உப்பு நடுவில் நின்று அந்தக் கைகளைப் பிரித்துக்கொண்டே இருக்கும். அதனால் கடல்நீர் பூஜ்ஜியத்தில் உறையாது. இன்னும் குளிர வேண்டும், ஏறக்குறைய மைனஸ் 1.8 வரை. மேலே பனி மிதந்துகொண்டிருக்கும் இடத்தில் அதற்கு அடியில் உள்ள நீரும் கிட்டத்தட்ட அதே அளவில்தான் இருக்கும். பிளஸ் 1.8 என்றால் மேலே இருக்கும் பனி உருக ஆரம்பித்துவிடும். அதன்மேல் யாரும் நின்று அளவெடுக்க முடியாது.

ஆனால் மிருணாளினி டீச்சர் அதன்மேல்தான் நின்றுகொண்டிருந்தார்.

அவர் வார நாட்களில் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. சனிக்கிழமைகளில் எங்கள் வென்ட்வேர்த்வில் தமிழ்ப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ். ஹோபார்ட்டிலிருந்து புறப்பட்ட ஓர் ஆய்வுக் கப்பலில் ஆசிரியர் ஒருவருக்கு இடம் இருந்தது. அது அவருக்குக் கிடைத்தது. அதோடு ஒரு பொறுப்பும் வந்தது. நான்கு சனிக்கிழமைகள், பனியின் மேலிருந்து செயற்கைக்கோள் தொலைபேசியில் பத்து நிமிடம் ஒரு வகுப்போடு பேச வேண்டும். அந்த வகுப்பு கேட்டதை எழுதி வரைபடம் போட்டு, பயணத்தின் இணையப் பக்கத்தில் ஏற்ற வேண்டும். எந்த வகுப்பு என்று அவரே தேர்ந்துகொள்ளலாம். பெரிய பள்ளியில் அவருக்கு நூற்றிருபது மாணவர்கள் உண்டு. அவர் தேர்ந்தது பதினோரு பேர் இருக்கும் தமிழ் வகுப்பை. மொழியும் தமிழ்தான் என்று கப்பல் ஏறும் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டார்.

அவர் இல்லாத இரண்டு மாதம் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்ள என்னைக் கேட்டார். “பிரசன்னா, உங்களுக்குக் குளிர் தெரியும். எனக்குத் தமிழ் தெரியும். பிள்ளையளுக்கு ரெண்டும் தேவை,” என்றார். நான் திருநெல்வேலிக்காரன். அவர் யாழ்ப்பாணத்தில் படித்தவர். வகுப்பிலும் பாதிப்பேர் என் மாதிரி, பாதிப்பேர் அவர் மாதிரி.

முதல் அழைப்பில் பேச்சு மட்டும்தான். ரம்பப் பல் வரைபடம் வந்தது இரண்டாவது அழைப்பில். அது இப்படி நடந்தது.

“பிள்ளையள், கேக்குதே? நான் இப்ப கடலுக்கு மேல நிக்கிறன். கடல் எண்டா, காலுக்குக் கீழ ஒண்டரை மீட்டர் கனத்தில ஐஸ். எனக்குப் பின்னால மூண்டு பென்குயின் நிண்டு பாக்குதுகள். எங்கட தலைவர் மாதிரியே கையைப் பின்னால கட்டிக்கொண்டு!”

வகுப்பறையின் பின்புறம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற விக்னராஜா அங்கிள் கையை எடுத்து முன்னால் கட்டிக்கொண்டார். அவர்தான் பள்ளியின் தலைவர். பிள்ளைகள் மேசையில் தட்டிச் சிரித்தார்கள்.

பேச்சு முடிந்து கடைசி நான்கு நிமிடம் அளவெடுப்பு. குளிரில் தொலைபேசியின் மின்கலம் சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால் டீச்சர் வேகமாக வாசிக்க வேண்டியிருந்தது. அதனால் இரண்டு பேர் மாற்றி மாற்றி எழுதுவது என்று ஏற்பாடு. ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைப்படை மீட்டர்கள் சுஜீதனுக்கு. இரண்டு, நான்கு, ஆறு என இரட்டைப்படை லக்ஷ்மிப்ரியாவுக்கு. ஒருவர் எழுதும்போது மற்றவர் தன் புள்ளியைத் தன் தாளில் குறித்துவிடலாம். இரண்டு தாளையும் சேர்த்து ஒரே படமாக்கி அன்றே பக்கத்தில் ஏற்றியவன் நான். மதியம் கிடங்கில் ஒரு கம்ப்ரஸர் பழுது, ஓட வேண்டியிருந்தது. படத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை ஹோபார்ட்டிலிருந்து பயண ஒருங்கிணைப்பாளர் மின்னஞ்சல் அனுப்பினார். மரியாதையான கடிதம். எண்கள் பொருந்தவில்லை, வேறு மொழியில் நடத்துவதால் குழப்பம் வந்திருக்கலாம். பிழை எங்கே நேர்ந்தது என்று வெள்ளிக்கிழமைக்குள் விளக்க முடிந்தால் மகிழ்ச்சி. இல்லையென்றால் மிச்ச இரண்டு அழைப்புகளையும் ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளலாம், அல்லது மெல்பேர்னில் காத்திருக்கும் ஒரு பள்ளிக்குக் கொடுத்துவிடலாம்.

அன்று மாலையே விக்னராஜா அங்கிள் தொலைபேசியில் வந்தார்.

“இதில என்ன யோசிக்கக் கிடக்கு? அந்தப் பிள்ளை லக்ஷ்மிப்ரியா அஞ்சு இடத்தில மைனசை விட்டிட்டுது. அஞ்சு சின்னக் கோடு. போட்டுத் திருப்பி ஏத்திவிடுங்கோ. எங்கட பிள்ளையள் உலகத்துக்கு முன்னால சிரிப்பாய் நிக்கக்கூடாது.”

“அவ கேட்டதைத்தானே எழுதியிருக்கா அங்கிள்? கோட்டை நாம போட்டா அது நம்ம அளவு. கடலோட அளவு இல்ல.”

“கடல் மைனஸ் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியும். அதனாலதான் நான் தொடக்கூடாது.”

இதை அவருக்கு விளக்கப் பார்த்தேன். தெரிந்த விடையை வைத்து அளவைத் திருத்தலாம் என்றால் அவ்வளவு தூரம் கப்பல் விட்டுப் போகவே வேண்டாம், வென்ட்வேர்த்வில்லில் உட்கார்ந்தே பத்து எண்ணையும் எழுதிவிடலாம். அங்கிள், “அப்ப வெள்ளிக்கிழமையோட அழைப்பும் கைவிட்டுப் போகும், அதுக்குப் பிறகு நீங்களும் நானும் விளக்கம் சொல்லிக்கொண்டு இருப்பம்,” என்று வைத்துவிட்டார்.

லக்ஷ்மிப்ரியாவை அழைத்துக் கேட்டேன். பதின்மூன்று வயது. அம்மா மருத்துவமனையில் செவிலியர். அப்பா மதுரைக்காரர்.

“சார், ஐ ரோட் வாட் ஐ ஹர்ட். டீச்சர் மைனஸ்னு சொல்லவே இல்ல. ஒரு வாட்டிகூட.”

“சும்மா அவசரத்துல விட்டுப் போயிருக்கலாம்ல?”

“அஞ்சு வாட்டியுமா? நான் என்ன தூங்கிட்டா இருந்தேன்? நான் மாத்த மாட்டேன் சார். நீங்க மாத்துனீங்கன்னா கீழ என் பேர எடுத்துடுங்க.”

பிறகு சுஜீதன். அவனுடைய பதில் இன்னும் சுருக்கம். “ரீச்சர் சொன்னவ சேர். பத்துத் தரமும் சொன்னவ.”

கப்பலுக்கு எழுதிக் கேட்டேன். செவ்வாய்க்கிழமை நான்கு வரியில் பதில் வந்தது. ‘எண்களை மாற்ற வேண்டாம். குறியோடுதான் பத்தையும் வாசித்தேன். வழியில் எங்கோ தொலைந்திருக்கிறது, தேடுங்கள். வகுப்பையும் மாற்ற மாட்டேன், மொழியையும் மாற்ற மாட்டேன் என்று இங்கே சொல்லிவிட்டேன்.’

தேடினேன். நல்லவேளையாக அழைப்பு பதிவாகியிருந்தது. புதன்கிழமை காலை ரயிலில் காதில் மாட்டிக்கொண்டு, பெண்டில் ஹில் தாண்டி டூங்காபி தாண்டி செவன் ஹில்ஸ் வரும் வரை அந்த நான்கு நிமிடத்தையே திரும்பத் திரும்பக் கேட்டேன். வேலையிடத்திலும் கேட்டேன். இரைச்சல், காற்று, இடையிடையே நீண்ட மௌனம். அந்த மௌனத்தில் டீச்சர் கம்பியை இன்னொரு மீட்டர் இறக்குகிறார். பிறகு குரல்: “சரி ஒன்று தசம் எட்டு.” மௌனம். “சரி ஒன்று தசம் எட்டு.” மௌனம். “சரி ஒன்று தசம் ஒன்பது.”

தசம் என்றால் நாங்கள் புள்ளி என்று சொல்வது. அதை டீச்சர் முதல் வாரமே வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார். எல்லாருக்கும் தெரியும். ஆனால் மைனஸ் இல்லை. கழித்தல் என்றும் இல்லை. லக்ஷ்மிப்ரியா சொன்னது உண்மை. அப்படியென்றால் சுஜீதன்?

புதன் மாலை, வென்ட்வேர்த்வில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பள்ளிக்குழு கூடும் அறையில் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்தோம்: இரண்டு பிள்ளைகள், விக்னராஜா அங்கிள், நான். கீழே கடையில் கொத்துரொட்டி கொத்தும் சத்தம் மேலே வரைக்கும் வந்தது. நான் அன்று செய்த பெரிய தவறை அங்கேதான் செய்தேன்.

“சுஜீதன், கோபப்படாத. நான் இருபது வாட்டி கேட்டேன்பா. மைனஸ் அதுல இல்ல. கடல்தண்ணின்னா மைனஸ்தானேன்னு நீயா போட்டிருக்கலாம். தப்பில்ல, எல்லாருக்கும் வர்றதுதான்…”

அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

“நான் கள்ளம் எழுதேல்லை சேர்.”

“கள்ளம்னு சொல்லல…”

“அதைத்தான் சொல்லுறியள். திங்கள் அவளைச் சொன்னியள், இண்டைக்கு என்னைச் சொல்லுறியள். ரீச்சர் சொன்னவ எண்டால் சொன்னவ!”

விக்னராஜா அங்கிள், “தம்பி, இரு, சேரோட அப்பிடிக் கதைக்கக் கூடாது,” என்றார். அவன் உட்காரவில்லை. அப்போது லக்ஷ்மிப்ரியா பேசினாள். அவனுக்கு எதிராகப் பேசப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

“அவன் சீட் பண்ண மாட்டான் சார். மேத்ஸ்ல என்கூட சண்ட போடுவான், ரொம்ப இரிட்டேட்டிங். பட் சீட் பண்ண மாட்டான்.”

“அப்போ ரெண்டு பேரும் சொல்றது எப்படி உண்மையா இருக்கும்?”

“தெரியல. நம்பர் எழுதாம, டீச்சர் பேசினத அப்படியே தமிழ்ல எழுதலாமா? லெட்டர் பை லெட்டர். அவன் தனியா, நான் தனியா.”

ஒருவரை ஒருவர் பார்க்காமல் அறையின் இரண்டு மூலையில் உட்கார்ந்து எழுதினார்கள். பதிவை ஒரே ஒரு முறை ஓட்டினேன். இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

லக்ஷ்மிப்ரியாவின் தாளில் ‘சரி ஒன்று தசம் எட்டு’ என்று இருந்தது. சுஜீதனின் தாளில் ‘சய ஒன்று தசம் எட்டு’ என்று இருந்தது. இரண்டிலும் பத்து வரி. ஒவ்வொரு வரியிலும் அந்த ஒரு சொல் மட்டும் வேறு.

“இது என்ன?” என்றேன்.

“சய.”

“சயன்னா?”

“சய எண்டா சய.” என்னை அவன் பார்த்த பார்வையில் உண்மையான வியப்பு. “சக, சய. பிளஸ், மைனஸ். அப்பா கணக்குச் சொல்லித் தரேக்க அப்பிடித்தான் சொல்லுவார்.”

“அப்படி ஒரு வேர்டே கிடையாது,” என்றாள் லக்ஷ்மிப்ரியா.

“உனக்குக் கிடையாது. எங்கட வீட்டில கிடக்கு.”

பன்னிரண்டு வருடமாக இந்த ஊரில் இலங்கைத் தமிழர்களோடு பழகுகிறேன். ஓம் என்றால் ஆமாம், குசினி என்றால் சமையலறை, கதைப்பது என்றால் பேசுவது, எல்லாம் தெரியும். ஆனால் கழித்தல் குறிக்கு அவர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்க எனக்கு ஒரு நாளும் வாய்க்கவில்லை. கடையிலோ கோயிலிலோ யார் மைனஸ் பற்றிப் பேசுகிறார்கள்? யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே கணிதம் படித்தவருக்குப் பனியின்மேல் அவசரத்தில் சின்ன வயதுச் சொல்தான் வாயில் வந்திருக்கிறது. தசத்தைச் சொல்லிக்கொடுத்தவருக்கு, சயவும் சொல்லிக்கொடுக்க வேண்டிய சொல் என்று தோன்றவே இல்லை.

விக்னராஜா அங்கிள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். “சய எண்டே சொன்னவ? நாங்களெல்லாம் அப்பிடித்தானே படிச்சனாங்கள்!”

“அங்கிள், நீங்க ரெக்கார்டிங் கேக்கவே இல்லையா?” என்றாள் லக்ஷ்மிப்ரியா.

“கேக்கேல்லை, பிள்ளை.”

“கேக்காமலே என் மிஸ்டேக்னு சொல்லிட்டீங்க.”

அவர் தலையிலிருந்து கையை எடுத்தார். “ஓம். சொல்லிப்போட்டன். பிழை என்னில.” உடனே நிமிர்ந்தார். “சரி, இப்ப காரணம் விளங்கிட்டுதுதானே? இனி இங்கிலிஷில மைனஸ் எண்டு சொல்லச் சொல்லுவம். இந்தச் சயவும் வேண்டாம் சரியும் வேண்டாம். அறிவியலுக்குத் தமிழ் தோதில்லை எண்டு நான் முந்தியே நினைச்சனான்.”

“நோ,” என்று இரண்டு பிள்ளைகளும் ஒரே குரலில் சொன்னார்கள்.

எனக்கும் ஒப்பவில்லை. ஆனால் வேண்டாம் என்றால் ஏன் என்று காட்ட வேண்டும். பதிவை மறுபடி ஓட்டினேன். சொல் தெரிந்த பிறகு எனக்கும் அது ‘சய’ என்றே கேட்டது! காலையிலிருந்து கேட்ட அதே ஒலி. அப்படியானால் சொல்லில் மட்டும் கோளாறு இல்லை; வரும் ஒலியிலும் ஏதோ குறைகிறது, குறைந்ததைக் காது தனக்குத் தெரிந்த சொல்லால் நிரப்பிக்கொள்கிறது. மெதுவாக ஓட்டிக் கேட்டோம். ஒவ்வொரு மௌனத்துக்குப் பிறகும் குரலின் முதல் துளி இல்லை. “…அய ஒன்று தசம் எட்டு.”

இது எனக்குப் பழக்கமான விஷயம். இப்படிப்பட்ட இணைப்புகளில் யாரும் பேசாதபோது மௌனத்தை அனுப்பி வீணாக்க மாட்டார்கள். கருவி வாயை மூடிக்கொள்ளும். குரல் வந்ததும் திறக்கும். ஆனால் குரல் வந்துவிட்டது என்று கண்டுபிடிக்க அதற்கு ஒரு கணம் ஆகும். அந்தக் கணத்தில் பேசியது போய்விடும். டீச்சர் ஒவ்வொரு முறையும் கம்பியை இறக்கிவிட்டு, மௌனத்துக்குப் பிறகு முதலில் சொன்னது குறியை. இணைப்பு விழுங்கும் இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது எங்களுக்கு முக்கியமான சொல்.

“அப்ப மைனசையும் விழுங்கும்,” என்றான் சுஜீதன்.

“விழுங்காது. மைனஸ் பலமான சொல்,” என்றார் அங்கிள்.

“போட்டுப் பாப்போமா?” என்றேன்.

கிடங்கில் நாங்கள் பயன்படுத்தும் வாக்கி டாக்கி இரண்டு, காலையில் நிலையத்தில் விட்டுப்போன என் காரில் இருந்தன. அதன் பொத்தானை அழுத்திய உடனே பேசினால் அதுவும் முதல் ஒலியை விழுங்கும். வெயில் இன்னும் இருந்தது. நிலையத்தின் கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கினோம். ஒரு முனையில் விக்னராஜா அங்கிளும் நானும். மறுமுனையில், ஒரு வேனுக்குப் பின்னால், தாளோடு பிள்ளைகள். ஊகித்து எழுதிவிடக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு முறையும் நான் நாணயத்தைச் சுண்டினேன். தலை விழுந்தால் பிளஸ், பூ விழுந்தால் மைனஸ். அங்கிள் அழுத்திய உடனே ஆங்கிலத்தில் பேச வேண்டும்.

“மைனஸ் ஒன் பாயின்ட் எய்ட்!” என்று அவர் கத்தியதில் ரயிலுக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

இருபது முறை. முடிந்ததும் லக்ஷ்மிப்ரியா தாளை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தாள். “எட்டு வாட்டி பிளஸ்ஸா மைனஸ்ஸான்னே தெரியல அங்கிள். வெறும் ‘அஸ்’ மட்டும்தான் வந்துச்சு. ரெண்டுமே ‘அஸ்’லதான் முடியுது!”

அங்கிள் தாளை வாங்கி மேலிருந்து கீழாக இரண்டு முறை பார்த்தார். கட்டடப் பொறியாளர், எண்ணைக் கண்டால் வாதாட மாட்டார். “அப்ப தமிழில பிழை இல்லை,” என்றார்.

“இடத்துலதான் பிழை,” என்றேன்.

அடுத்த இருபது முறை குறியைக் கடைசிக்குத் தள்ளினோம். தமிழில் அது இடறாமல் வரும். சயவுக்கும் மைனசுக்கும் பதிலாக ‘மேலே’, ‘கீழே’ என்பது லக்ஷ்மிப்ரியாவின் யோசனை. பூஜ்ஜியத்துக்கு மேலே, பூஜ்ஜியத்துக்குக் கீழே. மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரே சொல், இரண்டும் காதுக்கு ஒன்றுபோல ஒலிக்காது. ‘ஒன்று தசம் எட்டு, கீழே.’ ஆனால் இந்த முறை முதலில் இருந்த ‘ஒன்று’ போய்விட்டது. மூன்று இடத்தில் வெறும் ‘தசம் எட்டு’தான் கேட்டது. இரண்டு இடத்தில் அங்கிள் சொல்லி முடிக்கும் முன்பே விரலை எடுத்துவிட்டதால் கடைசிச் சொல்லும் போயிற்று.

“இதுவும் சரிவரேல்லை,” என்றார் அங்கிள். இந்தத் தடவை அவர் குரலில் ஏமாற்றம்தான் இருந்தது.

சுஜீதன் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து யோசித்தான். “முதல் சொல்லை அது தின்னத்தான் போகுது எண்டா, தின்ன ஒண்டு குடுப்பம். தேவையில்லாத சொல்.”

“‘கேக்குதா’ங்கிற மாதிரி ஏதாவது சொல்லா?” என்றேன்.

“ஆழத்தச் சொல்லலாம்,” என்றாள் லக்ஷ்மிப்ரியா. “ஆழம் ஒண்ணு, ஆழம் ரெண்டு. வரிசையாத்தான வருது? காணாமப் போனாலும் நமக்குத் தெரியும். அதோட ‘கீழே’ன்னா ஆழமா, பூஜ்ஜியமான்னு குழப்பமும் வராது.”

கடைசிச் சொல் தொலைவதற்கு ஒரே மருந்து, கேட்டவர் திருப்பிச் சொல்வது. மறுபடி இருபது. அங்கிளுக்குத் தொண்டை கட்டிவிட்டதால் கடைசி ஏழை நான் சொன்னேன். ‘ஆழம்’ ஆறு முறை பாதியாகவும் இரண்டு முறை முழுதாகவும் போயிற்று. ஒரு முறை ‘கீழே’ போனது. சுஜீதன் திருப்பிக் கேட்டதும் கிடைத்துவிட்டது. எண்ணிலும் குறியிலும் பிழை ஒன்றுகூட இல்லை.

வியாழக்கிழமை விளக்கத்தைப் பிள்ளைகள் இருவரும் எழுதினார்கள். அறுபது சோதனைகளின் அட்டவணையையும் இணைத்தார்கள். ரம்பப் பல் வரைபடத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் போடலாமே என்று அங்கிள் மெல்லக் கேட்டுப் பார்த்தார். லக்ஷ்மிப்ரியா விடவில்லை. அது அப்படியே பக்கத்தில் நின்றது. அதன் கீழே, யார் என்ன கேட்டார்கள், ஏன் கேட்டார்கள் என்பது அவர்கள் பெயரோடு வந்தது. கடைசி வாக்கியத்தை சுஜீதன் சேர்த்தான்: ‘நாங்கள் தமிழிலேயே தொடர்வோம். உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் எங்கள் எண்களை உங்கள் கருவியின் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.’ கொஞ்சம் திமிரான வாக்கியம். நான் திருத்தவில்லை.

வெள்ளி மதியம் ஒருங்கிணைப்பாளரின் பதில் வந்தது. அழைப்பு எங்களுக்கே. அப்படியே ஒப்பிடுவதாகவும் எழுதியிருந்தார்.

சனிக்கிழமை பதினொன்று பத்துக்கு அளவெடுப்பு தொடங்கியது. புதிய முறையைக் கப்பலுக்கு முன்பே எழுதியிருந்தோம். இரைச்சல், காற்று, நீண்ட மௌனம்.

“…ம் ஒன்று. ஒன்று தசம் எட்டு. கீழே.”

“ஒன்று தசம் எட்டு, கீழே,” என்று சுஜீதன் திருப்பிச் சொன்னான்.

“ஓம்.” மௌனம். “…ழம் இரண்டு. ஒன்று தசம் எட்டு. கீழே.”

“ஒன்று தசம் எட்டு, கீழே,” என்றாள் லக்ஷ்மிப்ரியா.

“ஓம் பிள்ளை. அச்சாவாக் கேக்குது உன்ர குரல்.”

பத்து அளவும் அப்படியே வந்தன. பத்துப் புள்ளியும் கோட்டுக்குக் கீழே, கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் விழுந்தன. மாலையில் ஹோபார்ட்டிலிருந்து ஒரு வரி வந்தது: பத்தும் கருவியின் பதிவோடு பொருந்துகின்றன.

பனியின் மேலிருந்து அளவு சொல்ல எங்கள் செய்முறை இதுதான். முதலில் ஆழத்தைச் சொல்ல வேண்டும். அதன் முதல் எழுத்தை இணைப்பு விழுங்கினாலும் நட்டமில்லை. பிறகு எண். குறியை எண்ணுக்குப் பின்னால், ‘மேலே’ அல்லது ‘கீழே’ என்று சொல்ல வேண்டும். கேட்டவர் எண்ணையும் குறியையும் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் ‘ஓம்’ என்ற பிறகே அடுத்த மீட்டர்.